முதல் வரியில் ஆலமரத்தடி வீடு

எங்கள் ராத்தாவின், அதாவது அக்காவின், கலியாணத்துக்கு நான் செய்த உதவி இரண்டு. ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று வாயை மூடிக்கொண்டு அறைக்குள் இருந்தது. மற்றது, கலியாணம் சொல்லப் போகும் வீடுகளின் ஒழுங்கை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. முதல் உதவியை இன்றைக்கு யாரும் நினைப்பதில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றும் யாருக்கும் தெரியாது. இரண்டாவதைப் பற்றி ஊரில் இன்னும் கதைக்கிறார்கள், அதுவும் நல்லவிதமாக. அல்லாஹ் சில பேரைப் பிழை விட்டே பேர் வாங்க வைக்கிறான். நான் அந்த வகை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கடல் ஊருக்குள் வந்துபோய் நாலு வருடம் ஆகியிருந்தது. வடக்கே சண்டை முடிவுக்கு வருகிறது என்று வானொலி ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்திருந்தாலும் பிரதான வீதிச் சந்தியில் இருந்த சோதனைச் சாவடி மட்டும் எழும்பிப் போகவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால், சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டார் கட்டிக்கொடுத்த நீளமான அறையொன்றில் கொம்பியூட்டர் வகுப்பு நடந்தது. பத்துக் கொம்பியூட்டர் இருந்தன. கரண்ட் இருந்தால் அதில் ஆறு வேலை செய்யும். காரைதீவிலிருந்து பஸ்ஸில் வரும் மிஸ் ஒருவர் எங்களுக்கு பாஸ்கல் என்ற கொம்பியூட்டர் மொழியைப் படிப்பித்தார். நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரு கதிரைக்கு மூன்று பேராக நெருக்கிக்கொண்டு இருந்து படித்தோம்.

அந்த மொழியில் ஒரு ஃபைலைத் திறப்பதற்கு மூன்று சொற்கள். ரீசெட் என்றால் உள்ளே இருப்பதை வாசிக்கலாம். அப்பெண்ட் என்றால் இருப்பதற்குக் கீழே சேர்த்து எழுதலாம். ரீரைட் என்றால் புதிதாக எழுதலாம். ரீரைட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மிஸ் கையில் இருந்த பேனையை மூடி மேசையில் வைத்தார். அந்தப் பேரில் ஏற்கனவே ஒரு ஃபைல் இருந்தால் அதில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் ரீரைட் தொடங்கும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது, ஆகவே வாசிக்கிற ஃபைலுக்கு ஒரு பேரும் எழுதுகிற ஃபைலுக்கு வேறு பேரும் வையுங்கள் என்றார். நாங்கள் எல்லோரும் ஓம் மிஸ் என்றோம். நானும் சொன்னேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கார்ட் அடித்துக் கொடுத்தால் மட்டும் காணாது. கார்ட் கையில் இருந்தாலும், வீடு தேடி வந்து வாயால் சொல்லாவிட்டால், ‘எங்களுக்குச் சொல்லல்ல’ என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஆணுக்கு ஆண் சொல்ல வேண்டும், பெண்ணுக்குப் பெண் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய விசயம் ஒழுங்கு. யாருக்கு முதல், யாருக்கு அடுத்தது என்று ஒரு வரிசை இருக்கிறது. எங்கேயும் எழுதிவைக்காத வரிசை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் உம்மாவுக்கு ஒரு ராத்தா இருந்தால் முதல் வீடு அவருடையதுதான். பிறகு மாமாமார், பிறகு வாப்பா பக்கத்து மாமிமார், பிறகு எங்கள் குடிக்குத் தலைவரான மரைக்கார், அப்படியே இறங்கி அயலவர், கடைசியில் வாப்பாவோடு வேலை செய்கிறவர்கள். ஒரு படி மாறினால் போதும், கலியாணச் சோற்றில் உப்பில்லை என்று ஆள் எழும்பிப் போவார். உப்பில் ஒரு பிழையும் இருக்காது.

முன்பெல்லாம் எல்லோரும் நாலு ஒழுங்கைக்குள், நாலு சின்னத் தெருவுக்குள், இருந்தபடியால் இது மனதிலேயே நின்றது. கடல் வந்தபிறகு ஒருவர் வயல்பக்கத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டிய திட்ட வீட்டில், ஒருவர் மருதமுனையில் வாடகைக்கு, ஒருவர் பாலமுனையில் பெண்சாதியின் ஆட்களோடு என்று சிதறிப் போயிருந்தார்கள். யாரையாவது மறந்துவிடக்கூடாது என்று வாப்பாவும் உம்மாவும் சாச்சியும் ஒரு கிழமையாக இருந்து கதைத்து, உம்மா ஒரு கொப்பியில் நூற்று நாற்பத்து மூன்று வீடுகளை ஒழுங்காக எழுதினார். சாச்சி என்றால் உம்மாவின் தங்கச்சி, அடுத்த வளவு வீட்டில் இருந்தவர்.

இந்த இடத்தில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. உம்மாவின் ஒரே ராத்தா. கடல் வந்த அன்று உம்மா, வாப்பா, ராத்தா, நான், தம்பி ஐந்து பேரும் உடுத்த உடுப்போடு ஓடிப்போய் நின்றது வீதிக்கு மேற்கே இருந்த அவருடைய வளவில்தான். எட்டு மாதம் அங்கே இருந்தோம். பெரியம்மா தன் கட்டிலை உம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்தார். தம்பிக்குப் பால் காய்ச்சுவதற்கு என்று ஒரு சட்டியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். ஒருநாள் நிவாரணத்துக்குப் பதிகிறவர்கள் வந்து கேற்றடியில் நின்று இந்த வீட்டில் அகதிகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். பெரியம்மா, அஞ்சு பேர் என்றார். அவ்வளவுதான். எங்களுக்கு அரிசியும் பருப்பும் கிடைக்கட்டும் என்று சொன்ன பதில் அது. ஆனால் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டார். கூடப் பிறந்தவர் தன்னை அகதி என்று எண்ணிச் சொன்னதை அவரால் தாங்கமுடியவில்லை. அன்று அசர் தொழுகை முடிந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு முகாம் கூடாரத்துக்குப் போய்விட்டார். பெரியம்மா கேற்றுவரைக்கும் வந்து நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் ரோசம் இருந்தது. அதற்குப் பிறகு மூன்றரை வருடமாக இரண்டு பேரும் கதைக்கவில்லை. எனக்கு அந்த வீட்டு ஆலமரமும் அதன் கீழே இருந்த ஊஞ்சலும் நெஞ்சுக்குள் வந்து வந்து போகும். கேட்டால் உம்மாவின் முகம் கறுக்கும் என்று கேட்கமாட்டேன்.

பட்டியல் எழுதும்போது பெரியம்மாவின் பேச்சு வந்தது. வாப்பாதான் மெல்லமாக எடுத்தார். சாச்சி தலையைக் குனிந்துகொண்டார். உம்மா பேனையைக் கையில் வைத்தபடியே சொன்னார்.

“சொல்லாம விட்டா ஊரு என்னையத்தான் குறை சொல்லும். கடைசியாச் சொன்னா அவக்கு விளங்கும்.”

கடைசியாகச் சொல்வது சொல்லாமல் விடுவதைவிட மோசம் என்பது எனக்குக்கூடத் தெரியும். உறவு முறையைக்கூட உம்மா எழுதவில்லை. நூற்று நாற்பத்து மூன்றாவது வீடாக, கடைசி வரியில், ‘ஆலமரத்தடி வீடு’ என்று மட்டும், யாரோ தெரியாத ஆட்களின் வீடு மாதிரி எழுதினார்.

எங்கள் மகள் கொம்பியூட்டரில் அடித்துத் தருவாள் என்று வாப்பா பள்ளிவாசலில் சொல்லிவிட்டு வந்ததால் கொப்பி என் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்புக்குக் கொண்டுபோய், மற்றவர்கள் பார்க்கட்டும் என்று மேசையில் விரித்து வைத்து, இரண்டு நாளாக அடித்தேன். அந்தக் கொம்பியூட்டரில் தமிழ் எழுத்து வராது. தமிழை இங்கிலிஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கொப்பியில் முதல் வரி வெட்டியிருந்தது. சும்மா வெட்டல்ல, பேனை தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு மேலும் கீழுமாகக் கீறியிருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினேன். மூத்த மாமா வீடு, சின்ன மாமா வீடு என்று அடித்துக்கொண்டு போய்க் கடைசியில் ஆலமரத்தடி வீட்டையும் அடித்து, ‘கலியாணம்’ என்று ஃபைலுக்குப் பேர் வைத்தேன். கொப்பியைத் திருப்பி உம்மாவிடம் கொடுத்தேன். எல்லாம் கொம்பியூட்டருக்குள் இருக்கிறது, இனிக் கொப்பி தேவையில்லை என்று பெரிய மனுசி போலச் சொன்னேன்.

அடுத்த வகுப்பில் மிஸ் ஒரு பயிற்சி தந்தார். ஒரு ஃபைலிலிருந்து பேர்களை வாசித்து, ஏ முதல் இசட் வரை எழுத்து ஒழுங்கில் அடுக்கி, இன்னொரு ஃபைலில் எழுத வேண்டும். மற்றவர்கள் வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரின் பேரை வைத்துச் செய்தார்கள். எனக்கு அது அற்பமாகத் தெரிந்தது. நூற்று நாற்பத்து மூன்று வரியுள்ள ஃபைல் என்னிடம் இருக்கும்போது நான் ஏன் பதினெட்டோடு நிற்கவேண்டும். அடுத்தடுத்த இரண்டு வரிகளை எடுத்துப் பார்ப்பது, பிந்த வேண்டியது முந்தி நின்றால் இடம் மாற்றுவது, மாற்ற ஒன்றும் இல்லை என்னும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வது. நான் பிழையில்லாமல் எழுதினேன். ஒரேயொரு பஞ்சித்தனம். வாசிக்கிற ஃபைலுக்கும் கலியாணம், எழுதுகிற ஃபைலுக்கும் கலியாணம். இன்னொரு பேர் யோசிக்கச் சோம்பலாக இருந்தது.

முதல் தடவையிலேயே சரியாக ஓடியது. திறந்து பார்த்தேன். எல்லா வீடும் எழுத்து ஒழுங்கில் வரிசையாக நின்றன. மிஸ் வந்து பார்த்து, நல்லது, பழைய ஃபைல் எங்கே பிள்ள என்று கேட்டார். இதுதான் மிஸ் என்றேன். மிஸ் திரையைப் பார்த்தார். பிறகு அந்தப் பழைய ஒழுங்கு எதற்காவது தேவையா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாள் காலையில் கலியாணம் சொல்லத் தொடங்குவதாக இருந்தது. ஒரு கிழமையாகப் பெரியவர்கள் மூன்று பேர் இருந்து யோசித்த ஒழுங்கு போய்விட்டது. முதல் வரியில், இங்கிலிஷ் எழுத்தில் இரண்டு ஏ போட்டு நான் அடித்த ஆலமரத்தடி வீடு நின்றது. உம்மா முறையாக ‘ராத்தா வீடு’ என்று எழுதியிருந்தால் அது ஆர் எழுத்துக்குப் போய் நடுவில் எங்கேயாவது மறைந்திருக்கும். கோபத்தில் முறையை விட்டதால்தான் முதலிடத்துக்கு வந்தது.

பரவாயில்லை, அச்சடித்த தாளைக் கொண்டுபோய்க் கொப்பியைப் பார்த்துப் பேனையால் இலக்கம் போட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஐந்து தாளோடு வீட்டுக்கு ஓடினேன். கொப்பி வழமையாக இருக்கும் மேசை லாச்சியில் இல்லை. குர்ஆன் வைக்கும் தட்டில் இல்லை. தையல் மெசினின் பெட்டிக்குள்ளும் இல்லை. கட்டிலுக்குக் கீழே நான் தலையை விட்டிருக்கும்போது உம்மா வந்து நின்றார். என்ன தேடுறாய் என்று கேட்கவில்லை. என் கையில் இருந்த தாள்களை வாங்கினார்.

உம்மாவுக்கு இங்கிலிஷ் எழுத்து தெரியும், ஆனால் விரல் வைத்து ஒவ்வொன்றாகத்தான் வாசிப்பார். முதல் வரியில் விரலை வைத்தார். அந்த வரியிலிருந்து விரல் நெடுநேரம் நகரவில்லை. பிறகு இடையில் உள்ள தாள்களைப் பாராமல் நேரே ஐந்தாவது தாளை எடுத்து, அதன் கடைசி வரியைப் பார்த்தார். அங்கே வெள்ளைக் கிணற்றடி வீடு நின்றது. நான் மனதுக்குள் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதிக்கொண்டு நின்றேன்.

“இப்பிடிப் போட்டது ஆரு?” என்று கேட்டார்.

“கொம்பியூட்டர்தான் உம்மா.”

அல்லாஹ் மன்னிக்கட்டும், பொய்தான். நான் சொல்லாமல் கொம்பியூட்டர் எதைத்தான் செய்யும். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கொப்பியைத் தாருங்கள், நான் திருத்தித் தருகிறேன் என்று அடுத்த மூச்சில் சொன்னேன். உம்மா தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார்.

“கொப்பி இல்ல. அடுப்புப் பத்த வைக்க எடுத்திட்டன். இனித் தேவையில்லண்டு நீதானே சொன்ன?”

அதைச் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். ஏச்சும் இல்லை, அடியும் இல்லை. மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்து தாளைப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. அது கொம்பியூட்டர் போட்ட ஒழுங்காம், அதன்படியே போங்கள் என்றார். வாப்பா என்னைப் பார்த்தார், குசினிப் பக்கம் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். உம்மா இங்கிலிஷ் எழுத்தைச் சரியாக வாசிக்கவில்லை, வாப்பாவுக்கு விளங்கவில்லை, நாளைக்குப் பெரியம்மா வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பதை அல்லாஹ்தான் அறிவான் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

அடுத்த நாள் காலை சாச்சியின் கணவர் சாச்சப்பா ஓட்டும் ஓட்டோவில் வாப்பா, சாச்சி, நான் மூன்று பேரும் ஏறினோம். சொன்ன வீடுகளுக்குச் சரி போடுவது என் வேலை. புறப்படும்போது உம்மா வளவைக் கூட்டிக்கொண்டு நின்றார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒருதரம் கூட்டியது எனக்குத் தெரியும், இது இரண்டாம் தரம். பெருநாளுக்கு உடுக்கும் பச்சைச் சாரியை உடுத்திருந்தார். கலியாண வீடுதானே, யாராவது வருவார்கள் என்று உடுத்திருப்பார் என நினைத்தேன். ஓட்டோ ஒழுங்கையைத் தாண்டியதும் சாச்சி முதல் வீடு எது என்று கேட்டார். வாசித்தேன். சாச்சி வாப்பாவைப் பார்த்தார். வாப்பா ரோட்டைப் பார்த்தார்.

சந்தியில் சாவடிச் சிப்பாய்கள் மறித்தார்கள். என் கையில் இருந்த தாளை ஒருவர் வாங்கி விரித்தார். நூற்று நாற்பத்து மூன்று வரி, இங்கிலிஷ் எழுத்து, கொம்பியூட்டரில் அடித்தது. அந்தக் காலத்தில் அப்படியொரு பட்டியலோடு சாவடிக்குப் போனது எங்களைத் தவிர வேறு யாருமாக இருக்கமுடியாது. எங்களை இறங்கச் சொன்னார். வாப்பா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கலியாணம், மகள், வீடு வீடாகச் சொல்வது என்று கையாலும் வாயாலும் விளக்கினார். அந்தச் சிப்பாய்ப் பொடியன் முதல் வரியை எழுத்துக்கூட்டி வாசித்து, இது யார் என்று கேட்டார். வாப்பா பொடியனின் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு, பெண்சாதியின் மூத்த சகோதரி என்று சொன்னார். மூன்றரை வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத முறை அது. பொடியன் சிரித்தார். தங்கள் ஊரிலும் அக்காவுக்குத்தான் முதலில் சொல்வார்கள் என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார். சாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தூசி என்று சொன்னார்.

பெரியம்மா வளவில் இருந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். ஓட்டோவைக் கண்டதும் எழும்பினார், எங்களைக் கண்டதும் திரும்பவும் இருந்துவிட்டார். ஆலமரம் அப்படியே நின்றது. ஊஞ்சல் கயிறு மட்டும் புதிது. பெரியப்பா வெளியே வந்து வாப்பாவுக்குக் கைலாகு கொடுத்தார். இரண்டு பேரும் மழை, வெள்ளாமை என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். சாச்சிதான் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் போய், எங்கள் ராத்தாவுக்குக் கலியாணம், நாள் இது, வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். பெரியம்மா மீனைப் பார்த்தபடியே இருந்தார்.

“இது எத்தினையாவது வீடு?” என்று கேட்டார்.

எனக்கு இப்போதும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது. கேட்டவரின் கத்தி மீனின் மேல் அசையாமல் நின்றது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. தாளை விரித்துக்கொண்டு ஓடிப்போய், இதுதான் பெரியம்மா முதல் வீடு, பாருங்கள், மேலே இருக்கிறது, ஒன்றுக்கும் இன்னும் சரி போடவில்லை என்று காட்டினேன். பெரியம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது. தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மீன் கையால் தொடாமல் முழங்கையால் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உம்மாதான் எழுதினவவா மகள்?”

ஓம் என்றேன். எழுதியது உம்மாதானே, அதில் பொய் இல்லை. எந்த வரியில் எழுதினார் என்று அவர் கேட்கவில்லை. பெரியம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், திரும்பவும் முகத்தைக் கழுவினார். தேத்தண்ணி குடிக்கக்கூட எங்களை விடவில்லை. அரிந்த மீனைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு, சாரியை மாற்றி, ஓட்டோவில் முதல் ஆளாக ஏறி இருந்தார். நூற்று நாற்பத்து இரண்டு வீடு பாக்கி இருக்கிறது என்று வாப்பா சொல்லிப் பார்த்தார். அது நாளைக்கும் இருக்கும் என்றார் பெரியம்மா. ஒரு வீடு சொல்லிவிட்டு, மீன்சட்டியோடு, நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

உம்மா கேற்றடியில் நின்றார். பச்சைச் சாரியின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பெரியம்மா இறங்கினார். நான் அழுகை வரும், சத்தம் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

“சுணங்கிட்டிங்க,” என்றார் உம்மா.

“ஓம், சுணங்கித்தான் போச்சு,” என்றார் பெரியம்மா.

அவ்வளவுதான். சாவடியில் மறித்ததால் சுணங்கியது என்று நான் நடுவில் விளக்கம் சொல்லப் போனேன். சாச்சி என் கையைக் கிள்ளினார். உம்மா மீன்சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பெரியம்மா அவருக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் புளி காணாது என்று பெரியம்மாவும், இது என்ட குசினி என்று உம்மாவும் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. வாப்பா விறாந்தைக் கதிரையில் சாய்ந்து இருந்து கண்ணை மூடிச் சிரித்தார். தாச்சியில் மீன் பொரியும் மணம் வந்தது. மத்தியானம் ஐந்து பேருக்குச் சமைக்கும் பானையில் அன்று எட்டுப் பேருக்குச் சோறு இருந்தது. காலையிலேயே உலை வைத்த சோறு எப்படி எட்டுப் பேருக்குப் போதுமாக இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. பொரித்த மீனில் தலைப் பகுதி எனக்குக் கிடைத்த சந்தோசத்தில் இருந்தேன்.

மற்ற வீடுகளை அடுத்த மூன்று நாளில் சொல்லி முடித்தோம். கரைச்சல் இல்லாமல் இல்லை. வாப்பாவின் மூத்த ராத்தாவான பெரிய மாமிக்கு, பி எழுத்து வரும்வரை காத்திருந்து இரண்டாம் நாள் பின்னேரம்தான் சொன்னோம். அவர் கதிரை போடாமல் வாசலில் நிற்கவைத்தே கேட்டுக்கொண்டார். எங்கள் குடி மரைக்காருக்கு முன்னால் ஐஸ்பழம் விற்கிற காக்காவுக்குச் சொல்லியிருந்தோம். மரைக்கார் விட்டுவிடுகிற ஆள் இல்லை. இது என்ன முறை என்று கேட்டார். வாப்பா நெஞ்சை நிமிர்த்தி, கொம்பியூட்டர் முறை மரைக்கார் என்று தாளை நீட்டினார். மரைக்கார் கண்ணாடியைப் போட்டு ஐந்து தாளையும் பார்த்தார். அப்போது இதில் யாரும் பெரிது இல்லை, யாரும் சிறிது இல்லை என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். அடுத்த வருடம் தன் மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டு, இருபது வருடப் பகைகள் எல்லாம் இதில் இருக்கின்றன, நீதான் மகள் கொம்பியூட்டர் முறையில் போட்டுத் தரவேண்டும் என்று கொப்பியைத் தந்தார். அந்தமுறை இரண்டு ஃபைலுக்கும் வேறு வேறு பேர் வைத்தேன். அதன்பிறகு ஊரில் மூன்று நாலு கலியாணம் அப்படி நடந்தது. எங்கள் வகுப்பின் பெருமை அது.

ராத்தாவின் கலியாணத்தன்று பெரியம்மாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். மாப்பிள்ளை வந்து இறங்கும்போது உம்மா எங்கே என்று தேடினார்கள். பெரியம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டு உம்மா உள் அறையில் இருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, என் பிழை ஒருவருக்கும் தெரியாமல் போனதே என்ற நிம்மதியில் சகன் என்ற பெரிய தட்டில் இருந்த வட்டிலப்பத்தைச் சாப்பிடப் போனேன்.

பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி கொஞ்சமும், அது நல்லதாக முடிந்த பெருமை நிறையவும் இருந்தன. போன வருடம் ஒரு பதிவுக்காக என் பிறப்புச் சாட்சிப் பத்திரம் தேவைப்பட்டது. உம்மா அலுமாரியில் பார்க்கச் சொன்னார். குசினியில் அவரும் பெரியம்மாவும் வழமைபோல ஏலக்காய் கூடவா குறையவா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அலுமாரியின் கீழ்த்தட்டில், மடித்துவைத்த பச்சைச் சாரிக்குள் பத்திரத்துக்குப் பதிலாக ஒரு கொப்பி இருந்தது. அடுப்புப் பத்த வைத்ததாக உம்மா சொன்ன கொப்பி.

விரித்தேன். நூற்று நாற்பத்து மூன்று வீடும் உம்மாவின் கையெழுத்தில், பழைய ஒழுங்கில் அப்படியே இருந்தன. கடைசி வரியில் ஆலமரத்தடி வீடு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அந்த ஒழுங்கைத் தட்டாமல் சொல்லக்கூடிய உம்மாவுக்கு முன்னால்தான், ஒழுங்கு அழிந்துவிட்டது என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அச்சடித்த தாளின் முதல் வரியில் அவர் விரல் ஏன் நகராமல் நின்றது, கடைசித் தாளை ஏன் புரட்டிப் பார்த்தார், வளவை ஏன் இரண்டு தரம் கூட்டினார், எட்டுப் பேருக்கு ஏன் சோறு போட்டார் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கியது. அவருக்கு வேண்டியிருந்தது, தான் இறங்கிப் போகவில்லை, கொம்பியூட்டர்தான் போட்டது என்று சொல்ல ஒரு சாட்டு. அதை நான் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

மேலே அந்த வெட்டு இருந்தது. மற்ற வரிகளுக்கெல்லாம் முன்னால், பேனை தாளைக் கிழிக்கும் அளவுக்குக் கீறிய முதல் வரி. கொப்பியை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கீறல்களுக்கு அடியில், மற்ற வரிகளைவிட அழகாக, ஆறுதலாக எழுதியிருந்தது தெரிந்தது.

‘ராத்தா வீடு.’

பதின்மூன்று வயதில் நான் அதைப் பார்த்தேன். வெட்டின வரிதானே என்று இரண்டாவது வரியிலிருந்து தொடங்கிவிட்டேன்.